அஞ்சலாட்சி நின்ற வயல்

ஆதண்டங்குழியின் கடைசி போர்வெல்லும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றையும் செஞ்சேற்றையும் கக்கிவிட்டு ஓய்ந்துபோன பங்குனி மாதத்தில் ஒரு காலை, நாட்டாமைக்காரர் தணிகாசலத்தின் கொல்லையில் வாடிக்கிடந்த மல்லாட்டைக் கடலைச் செடிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த அஞ்சலாட்சி முதுகு நிமிர்த்த எழுந்து நின்றாள். நின்ற இடத்தில் அவளுடைய இரண்டு காலடியிலும் தண்ணீர் ஊறி, விரல்களை மூடி, கணுக்காலுக்கு ஏறி, பாத்தி வழியாக ஓடத் தொடங்கியது.

பக்கத்து வரிசையில் குந்தியிருந்த செம்பாயி அதைப் பார்த்துவிட்டு, “என்னாடி இது, அவசரத்துக்கு நின்னவாக்குலயே போயிட்டியா?” என்றாள். பெண்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அஞ்சலாட்சிக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது, நாலு அடி தள்ளிப் போய் நின்றாள்; அங்கேயும் ஊறியது. வரப்பில் ஏறினாள், பாறையாக இறுகிக் கிடந்த வரப்பு அவள் காலுக்குக் கீழே குழைந்து இளகியது. பெண்கள் சிரித்து முடிப்பதற்குள் அந்த வரிசை முழுக்கக் குடித்து முடித்திருந்தது, செடிகள் தலை தூக்கப் பார்த்தன, எங்கிருந்தோ நாரை ஒன்று வந்து இறங்கியது.

ஊருக்குக் கிழக்கே, முன்பு மூன்று ஊர்கள் இருந்த இடத்தில், நிலக்கரிச் சுரங்கம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மேல்மண்ணை மலையாகக் குவித்துவிட்டு அடியில் கிடக்கும் கரியை அள்ளும் சுரங்கம் அது. கரி நனையக் கூடாது என்பதற்காக, பூமிக்குள் இருந்த தண்ணீரை ராட்சத மோட்டார்கள் இராப்பகலாக உறிஞ்சி, கன்றுக்குட்டி நுழையும் குழாய்கள் வழியாக எங்கோ கொண்டுபோய்க் கொட்டின. ஒரு காலத்தில் ஆதண்டங்குழியில் குழாயை இறக்கினாலே போதும், மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வழியும். அந்தத் தண்ணீர்தான் இப்போது அந்தக் குழாய்களில் போய்க்கொண்டிருந்தது.

அந்த மோட்டார்களில் ஒன்றை ஓட்டுகிறவன் அஞ்சலாட்சியின் புருஷன் தேவராசு. அவனுடைய அப்பாதான் ஆதண்டங்குழியில் முதல் ஆளாகச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவர். மகனுக்கு நிரந்தர வேலை என்று சொல்லி வாங்கினார்கள், கிடைத்தது ஒப்பந்தக் கூலி. அவர் அந்த ஏக்கத்திலேயே செத்தார். சாவுக்கு ஊர் வரவில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு யாரும் கல்யாணத்துக்குப் பாக்கு வைத்ததில்லை, கோயில் பொங்கலில் பங்கு கொடுத்ததில்லை. அஞ்சலாட்சியைக் களைவெட்டக் கூப்பிட்டதுகூட, மற்றவர்கள் வாங்கும் கூலியில் பாதிக்கு அவள் வருவாள் என்பதால்தான்.

தணிகாசலம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். குனிந்து அவள் காலடியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார். “உப்பு இல்ல,” என்றார். ஊர் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான். ஏன், எதனால் என்று எவரும் கேட்கவில்லை. எவ்வளவு பாயும், எத்தனை நாழிக்கு எத்தனை காணி நனையும், மணல் பாங்கான நிலத்தில் நின்றாலும் வருமா என்பதைத்தான் கேட்டார்கள். இரண்டொரு நாளில் எல்லாம் பிடிபட்டுவிட்டது: வெறுங்காலோடு மண்ணில் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் பாய்ச்சல் குறையும், படுத்தால் நின்றுவிடும், சிமென்ட்டுத் தரையில் நின்றால் ஒன்றும் வராது. காலையிலிருந்து உச்சிவரை நின்றால் ஒரு வயல் நிறையும்.

“புருசன் உறிஞ்சறான், பொண்டாட்டி ஊத்துறா,” என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு மாலையே அவள் வீட்டு வாசலில் நின்றார்கள், ஒருத்தர் கையில் புடவை, ஒருத்தர் கையில் பூசணிக்காய், ஒருத்தர் கையில் உயிரோடு கோழி.

அஞ்சலாட்சி சந்தோஷப்பட்டாள் என்பதை மறைப்பதற்கில்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த ஊரில் ஒருவரும் அவளை ‘வாம்மா’ என்று கூப்பிட்டதில்லை. இப்போது ஊரே கூப்பிட்டது. அவள் வீட்டுக்கு முறைவைத்து மீன்குழம்பு வந்தது, தணிகாசலத்தின் பெண்சாதி தன் கையால் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். விடிந்ததும் யாருடைய முறையோ அவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். வயலின் நடுவில் போய் நிற்பாள். அவளைச் சுற்றித் தண்ணீர் வட்டம் வட்டமாக விரியும், வரப்புவரை போய்த் திரும்பும், தவளைகள் எங்கிருந்தோ முளைத்துவரும். செத்துக் கிடந்த மண் அவள் காலடியில் வாய் திறந்து குடிக்கிற அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னால் ஒரு ஊர் பச்சையாகிறது என்று நினைத்துச் சில நாள் அழுதும் இருக்கிறாள்.

ஆடியில் ஊர் முழுக்க நடவு நடந்தது. சுரங்கத்து ஆட்கள் வந்து, “இனிமே இங்க தண்ணி கெடையாது, காஞ்ச நெலத்த வச்சிட்டு என்னா பண்ணப் போறீங்க?” என்று விலை பேசியபோது, தணிகாசலம் ஊர்க்கூட்டத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு, “உசுரக் குடுத்தாலும் குடுப்போம், இந்த மண்ணக் குடுக்க மாட்டோம்,” என்றார். ஊரே கைதட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் ஈரக்காலோடு நின்ற அஞ்சலாட்சியும் கைதட்டினாள்.

ஆனால் தண்ணீர் வந்தால் கூடவே ஆசையும் வரும். தாத்தா காலத்து முந்திரி மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு நெல் நட்டார்கள். நெல் நட்டவன் கரும்பு வைத்தான், கரும்பு வைத்தவன் வாழைக்குப் போனான். முறை போதவில்லை. விடியலில் தொடங்கி உச்சியோடு முடிந்துகொண்டிருந்தது பொழுது சாயும்வரை நீண்டது. கொஞ்சம் உட்கார்ந்தால், “யம்மா, தண்ணி கொறையுதே,” என்று வரப்பிலிருந்து குரல் வரும். அண்ணன் தம்பி இரண்டு பேர் யார் முறை என்று சண்டை போட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் அவளுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. தோளை நீவிவிட ஆள் வரும்வரை, எதற்கு வீணாக வேண்டும் என்று, அண்ணன் வயலிலேயே நிற்க வைத்தார்கள்.

அவள் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்தது. உள்ளங்கால் ஊறி வெளுத்து, தோல் ஏடு ஏடாகக் கழன்றது.

“காலு தாங்கல மாமா, ரெண்டு நாளு படுத்துக்கறன்,” என்று தணிகாசலத்திடம் சொன்னாள்.

“ஊருக்கே சோறு போடற காலும்மா இது,” என்று அவர் தன் கையாலேயே மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிவிட்டார். தடவி முடித்ததும், “வாழைக்கு மட்டும் ஒரு சுத்து நின்னுட்டு வந்துடு, தாயி,” என்றார்.

அந்த ஆவணியில்தான் அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பது தெரிந்தது. வருஷக்கணக்காகக் கோயில் கோயிலாகச் சுற்றியும் தங்காதது. தேவராசு செய்தியைக் கேட்டு மோட்டார் வீட்டுக்கே மிட்டாய் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம், அவள் கரும்புக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தபோது, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வரப்பில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

“ஆபீசரு கூப்ட்டுப் பேசனாரு அஞ்சல. நாம இந்த ஊர விட்டு வந்துட்டா என் வேலய நெரந்தரம் பண்ணித் தராங்களாம். குவார்ட்டர்ஸும் உண்டாம். மூணாவது மாடி.”

“மூணாவது மாடியா?”

“ஆமா. கீழ மேல எங்கயும் மண்ணே கெடையாது. எல்லாம் சிமென்ட்டு. கொழாயத் தொறந்தா தண்ணி.”

“அங்க போனா படுத்துக்கலாமா?”

“நாளெல்லாம் படு. யாரு கேக்கப்போறா?”

அவள் காலடியில் மிதந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் போய்ட்டா இதெல்லாம் காஞ்சிடுமே.”

“காயணும்னுதான் அவங்க கூப்புடறாங்க. காஞ்சாத்தான வெலய அடிச்சிக் கேக்க முடியும்? எனக்கும் தெரியுது. ஆனா எங்கப்பன் பொணத்தத் தூக்க வராத ஊரு இது. இப்ப ஒன் வயித்துல இருக்கறதுக்காவது ஒரு வூடு வேணாமா?”

அவள் அன்று முழுக்க யோசித்தாள். கதிர் தலைகாட்டுகிற வயலை நினைத்தால் போக மனம் வரவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு பாய் விரித்து அதில் தான் நீட்டிப் படுத்திருப்பதை நினைத்தால் இருக்க மனம் வரவில்லை. கடைசியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சரி என்றாள்.

சந்தைக்கு ஊர் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, டிரங்குப் பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். பெட்டியோடு போவதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஏரிக்கரை திரும்புமுன் மறித்தார்கள். சந்தைக்குப் போகாத ஆண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. தணிகாசலம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

“அவ கால்ல மட்டும் அடி படக் கூடாது.”

தேவராசுவைக் கீழே தள்ளி மண்வெட்டிக் காம்பால் முழங்காலை அடித்து உடைத்தார்கள். அவன் கத்தியது சுரங்கத்துச் சங்குச் சத்தத்தில் பாதி அமுங்கிப்போனது. அதே நேரத்தில் இரண்டு பெண்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்து, அஞ்சலாட்சியின் பாதங்களைச் சரளைக்கல் குத்தாமல் தங்கள் மடியில் ஏந்தி வைத்துக்கொண்டு, முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டார்கள். அவள் திமிறத் திமிற, “ஒடம்ப அலட்டிக்காத கண்ணு, வயித்துப் புள்ளக்காரி,” என்று தடவிக்கொடுத்தார்கள். அதைச் சொன்னபோது அவர்களுடைய குரலில் உண்மையிலேயே அன்பு இருந்தது.

தேவராசுவைச் சுரங்கத்துச் சாலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அம்மன் கோயில் உண்டியலைக் கட்டியிருந்த சங்கிலியைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் சுற்றி, மறுநுனியைக் கடப்பாரையில் பூட்டி வயலில் அடித்தார்கள். சங்கிலி என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றக் கூடாது என்பதற்காக அதற்கு மஞ்சள் தடவி, கண்ணிக்குக் கண்ணி குங்குமம் வைத்தார்கள். சாவி தணிகாசலத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. சில நாளில், அவள் முதலிலிருந்தே அப்படித்தான் நின்றாள் என்பதுபோல ஊர் பழகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவளுக்குக் கும்பிடு போட்டார்கள். வெளியூரிலிருந்து பெண்பார்க்க வந்தவர்களுக்கு, ஊரைச் சுற்றிக்காட்டும்போது, “இதுதான் எங்க தண்ணி,” என்று அவளைக் காட்டினார்கள்.

கார்த்திகையில் வளைகாப்பும் வயலிலேயே நடந்தது. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டித் தண்ணீரில் நடந்து வந்து, சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல் அடுக்கினார்கள். புளிசாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் வரப்பில் பரிமாறப்பட்டன. தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்த அஞ்சலாட்சியின் அம்மா, சங்கிலியைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தணிகாசலத்தின் காலில் விழுந்தாள்.

“எந்திரி சம்பந்தி. ஆயிரம் பேரு தாங்கற ஊரு இது, இதுவே அவளுக்குத் தாய்வூடு,” என்று சொல்லி, ஒரு மூட்டை நெல்லும் பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து அனுப்பினார் அவர்.

தையில், கதிர் பால் பிடித்திருந்தபோது, வலி எடுத்தது. படுக்க விட்டால் கதிர் பதராகிவிடும் என்று நின்றபடியே பெற வைத்தார்கள். செம்பாயி மட்டும் அவளை மார்போடு தாங்கிக்கொண்டு, சுற்றி நின்றவர்களை வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே மருத்துவம் பார்த்தாள். ஆண்கள் வரப்பில் மறுபக்கம் திரும்பி நின்றார்கள். தண்ணீர் கொஞ்ச நேரம் சிவப்பாக ஓடித் தெளிந்தது. குழந்தை அழுத சத்தம் கேட்டதும் தணிகாசலம் திரும்பாமலே கேட்டார்.

“என்னா புள்ள?”

“பொண்ணு,” என்றாள் செம்பாயி.

வரப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. அதற்கென்றே ஒரு கொல்லைத் துண்டைச் சில நாளாக நனைக்காமல் காயப்போட்டு வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் அஞ்சலாட்சிக்குத் தெரிந்தது. கொடியறுத்த குழந்தையை வாங்கிக் காலைக் கழுவித் துடைத்து, அந்தக் காய்ந்த மண்ணில் அதன் பாதங்களை வைத்து அழுத்தினார்கள். சுற்றிலும் தலைகள் குனிந்தன. செம்மண் தூசி எழும்பி அடங்கியது. எறும்பு ஒன்று குழந்தையின் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டு போனது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது. பிறகு, ஈனாத மாட்டை விலைக்கு வாங்கி ஏமாந்தவரைப்போல, “சரி, எடுத்துக்கிங்க,” என்றார் தணிகாசலம்.

அஞ்சலாட்சிக்குப் பால் சுரக்கவில்லை. உடம்பில் இருந்ததெல்லாம் காலடியில் போய்க்கொண்டிருந்தது. செம்பாயி ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து ஊட்டினாள். தேவராசு கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஊருக்குள் வந்தபோது எவரும் தடுக்கவில்லை. “காஞ்ச புள்ளதான, கொண்டு போ,” என்றார்கள். அஞ்சலாட்சி குழந்தையின் உச்சந்தலையை ஒருதரம் மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

“திரும்பிப் பாக்காமப் போயிடுங்க. எம் பக்கத்துல வச்சிருந்தா இதையும் நட்டுருவாங்க,” என்றாள்.

மாசி கடைசியில் புதிய செய்தி வந்தது. சுரங்கம் நிலம் எடுக்கிற விலையை மாற்றியிருந்தது: காய்ந்த கொல்லைக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு, நீர் பாய்கிற நஞ்சைக்கு. வயலில் தண்ணீர் நின்றால் போதும், நஞ்சை என்று எழுதிக்கொள்வார்கள். ஊர்க்கூட்டம் கூடியது. இந்தத் தடவை யாரும் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நம்ம மேட்டுக்கொல்லையெல்லாம் இன்னம் நனையலியே,” என்றான். அதோடு கூட்டம் முடிந்தது.

அந்த வாரம் அஞ்சலாட்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கொல்லையில் இறக்கி நனைத்து, சங்கிலியைச் சுருட்டி அடுத்த கொல்லைக்குத் தூக்கிப்போய், சரளை மேட்டிலும் முந்திரிக் கட்டைகளுக்கு நடுவிலும் சுடுகாட்டு ஓரத்திலும்கூட நிற்க வைத்தார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, எங்கு பார்த்தாலும் தண்ணீர் பளபளப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் நஞ்சை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு அஞ்சலாட்சி கேட்டாள்: “நெலத்தக் காப்பாத்தணும்னுதான மாமா என்னக் கட்டிப்போட்டீங்க?”

தணிகாசலம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “காப்பாத்தித்தான இருக்கறம். நீ மட்டும் இல்லன்னா மண்ணு வெலைக்குப் போயிருக்கும்,” என்றார். பிறகு, அவள் வருத்தப்படுகிறாளோ என்று நினைத்தவர்போல, “அறுப்பு வரைக்கும் நின்னுடும்மா. நின்னது நின்ன, கடைசியா ஒரு வெள்ளாமைய எடுத்துட்டுப் போயிடறம்,” என்றார்.

அறுத்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். கதவு, நிலை, ஜன்னல், ஓடு, ஆட்டுக்கல் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் டிராக்டரில் ஏற்றினார்கள். அம்மனையும் ஈரத்துணியில் சுற்றி வைக்கோல்மேல் வைத்து ஏற்றினார்கள். ஆளுக்கு முன்னால் ஆள் நல்ல மனை பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் ஒரே நாளில் போனார்கள். தணிகாசலம் அவிழ்த்துவிட்டிருப்பார் என்று ஊர் நினைத்தது. ஊரில் யாரிடமோ சாவியைக் கொடுத்ததாகத் தணிகாசலம் நினைத்தார். அவள் கூப்பிட்டது டிராக்டர் சத்தத்தில் கேட்கவில்லை, அல்லது கேட்டவர்கள் வழியனுப்புகிறாள் என்று எடுத்துக்கொண்டு கையை ஆட்டினார்கள்.

கடைசி டிராக்டர் ஏரிக்கரை திரும்பி மறைந்ததும் ஊரில் நாய்களும் அவளும்தான் மிச்சம். கொஞ்ச நேரம் பழக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். நிற்கச் சொல்ல யாரும் இல்லை என்பது மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்தாள். பிறகு வைக்கோலைக் காலால் கூட்டிச் சேர்த்து, பட்டப்பகலில், நடு வயலில், காலை நீட்டி மல்லாந்து படுத்தாள். தண்ணீர் நின்றது. காலடியில் ஊற்று அடங்குகிற கடைசிக் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். பசித்தபோது சிந்திய நெல்லைப் பொறுக்கி உமி நீக்கித் தின்றாள், தாகத்துக்கு எழுந்து ஒரு நிமிஷம் நின்று குடித்துவிட்டு மறுபடி படுத்தாள். கிழக்கே மண் வெட்டும் யந்திரம் உறுமிக்கொண்டு நெருங்கியது. பனைமரங்களின் தலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

விட்டுப்போன அம்மிக்கல்லை எடுக்க வந்த செம்பாயிதான் அவளைப் பார்த்தாள். சங்கிலியைக் கல்லால் அடித்துப் பார்த்தாள், பூட்டைக் கடித்துக்கூடப் பார்த்தாள், முடியாமல் தலையில் அடித்துக்கொண்டு சுரங்கத்துச் சாலை வழியாக ஓடினாள். அன்று மாலைக்குள் தேவராசு நொண்டிக்கொண்டு ஆக்சா பிளேடோடு வந்து சேர்ந்தான். அறுக்க அறுக்க மஞ்சள் பொடி உதிர்ந்தது. கண்ணி அறுந்து விழுந்ததும், “எந்திரி, போலாம்,” என்றான்.

“மண்ணுல கால வக்க மாட்டன்,” என்றாள் அவள்.

அவனும் செம்பாயியும் அவளைத் தூக்கிக்கொண்டுதான் சாலைக்குப் போனார்கள். நிலம் கைக்கு வந்துவிட்டதால் சுரங்கத்துக்கு இனி அவள் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். நிரந்தர வேலையும் இல்லை, மூன்றாவது மாடியும் இல்லை. சுரங்கத்தை ஒட்டிய ஒப்பந்தத் தொழிலாளர் தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. சுரங்கத்தில் அறுந்துபோன கன்வேயர் பெல்ட்டின் ரப்பரை வெட்டி, தேவராசு அவளுக்கு இரண்டு விரற்கடை கனத்தில் செருப்புத் தைத்துக் கொடுத்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கி முதல்தரம் தெருவில் நடந்தபோது, திரும்பித் திரும்பித் தன் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தடம் காய்ந்திருந்தது.

அந்தப் பக்கம் எங்குமே நிலத்தில் தண்ணீர் கிடையாது, லாரியில்தான் வந்தது. ஆதண்டங்குழிக்காரர்களுக்குக் கொடுத்த மனைகளும் பக்கத்து மேட்டில்தான் இருந்தன என்பது, மறுவருஷம் வெயில் காலத்தில், பிள்ளையை இடுப்பிலும் குடத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒரு காலையில் அவளுக்குத் தெரியவந்தது. மேட்டுக்கு வருகிற லாரி வராததால் அவர்கள் குடத்தோடு இறங்கி இந்தத் தெருவுக்கு வந்திருந்தார்கள். தணிகாசலம் இளைத்துப்போயிருந்தார், பணத்தில் கட்டிய மாடிவீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் சட்டைக் காலரில் அழுக்குப் படிந்திருந்தது.

“அஞ்சல… நல்லாருக்கியாம்மா?”

“இருக்கன் மாமா.”

“அன்னிக்கி யாராச்சும் அவுத்துவுட்டுருப்பாங்கன்னு நானும், நான் அவுத்துவுட்டன்னு ஊரும்…”

“ஆமா மாமா. அப்படித்தான் இருக்கும்.”

அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது குழாய் கொடகொடத்து நின்றது. “அவ்ளோதான், நாளைக்கி வந்தா உண்டு,” என்று டிரைவர் ஏறிப் போய்விட்டான். யாரும் கலையவில்லை. ஆதண்டங்குழிக்காரர்கள் எல்லோருடைய கண்ணும் அவள் காலில் இருந்தது. தணிகாசலம் குடத்தை வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

“ஒரே ஒரு நிமிசம் அந்தச் செருப்ப அவுத்துடும்மா. பச்சப் புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குது. யாரும் ஒன்னத் தொட மாட்டம். சத்தியம்.”

அவர் சத்தியம் செய்துகொண்டிருக்கும்போதே, யாரும் சொல்லாமலே, பெண்கள் அவளைச் சுற்றி வட்டமாக நகர்ந்து நின்றதையும், இளவட்டங்கள் இரண்டு பேர் தெருமுனைக்குப் போய் வழியை அடைத்து நின்றதையும் அஞ்சலாட்சி பார்த்தாள். ஏரிக்கரையில் அவள் பாதத்தை மடியில் ஏந்தியவர்களில் ஒருத்தி இப்போதும் முந்தானையைக் கையில் பிடித்துத் தயாராக இருந்தாள். இடுப்பிலிருந்த பிள்ளை வெறுங்குடத்தைத் தட்டி, “தண்ணி, தண்ணி,” என்று அழ ஆரம்பித்தது. தணிகாசலம் விழுந்து அவள் காலைப் பற்றிக்கொண்டார். கும்பிடத்தான் விழுந்தார் என்று தெருக்காரர்கள் நினைத்தார்கள். அவருடைய விரல்கள் செருப்பு வாரின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தன.

அவள் உதைக்கவில்லை. குனிந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

“நாளைக்கி லாரி வரும் மாமா. விடியங்காட்டியும் வந்து முன்னாடி நில்லுங்க,” என்றாள். பிறகு, தெரு கேட்கும்படி, “யோவ், இந்தப் பெரியவருக்கு மயக்கம்போல இருக்குது, வந்து தூக்குங்க,” என்று குரல் கொடுத்தாள். கடைக்காரரும் தெருவில் நின்ற தொழிலாளிகளும் ஓடிவந்தார்கள். வட்டம் கலைந்தது. அவள் அந்த நெரிசலுக்குள் நுழைந்து வெளியேறி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மளிகைக் கடைக்குப் பின்னால், மாடிப்படி தொடங்குகிற இடத்தில், சுவருக்கும் படிக்கும் நடுவில் யாரும் பார்க்க முடியாத ஒரு முழ மண் இருந்தது. அஞ்சலாட்சி அங்கே நின்றாள். பிள்ளை அழுது அழுது விக்கியது, உதட்டை நக்கிக்கொண்டது, அம்மாவின் முகத்தைத் திருப்பிப் பிடித்து, “தண்ணிம்மா,” என்றது. அவளுக்கும் தொண்டை காய்ந்திருந்தது. ஒரு கால் போதும், ஒரு விரல்கூடப் போதும். ஈரத்தை மோப்பம் பிடித்து வந்து இந்த ஒரு முழத்தில் கடப்பாரை அடிக்க அவர்களுக்கு எத்தனை நேரம் ஆகும் என்று அவள் அந்த மண்ணைப் பார்த்தபடி யோசித்தாள்.

பிறகு பிள்ளையின் வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு படியேறினாள்.